வீட்டுப் பேச்சு கற்ற பெட்டி

ஜனவரி 9

தம்பிக்கு,

அம்மாவின் காரியம் முடிந்த பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரிக்க எழுதவில்லை. போன் என்ன ஆயிற்று என்று கேட்பாய். எங்கள் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர்களின் போனையும் மின்னஞ்சலையும் அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். தபாலை இப்போது யாரும் மதிப்பதில்லை, அதனால் பிரித்துப் பார்ப்பதும் இல்லை.

நம் பேச்சுக்கு எழுத்து கிடையாது. ஆகையால் பள்ளிக்கூடத்தில் படித்த மொழியில்தான் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. பாதிக் காரம் வழியிலேயே போய்விடும். மீதியை நீயே சேர்த்துக்கொள்.

போன வாரம் எங்கள் விசாரணை அறைக்கு ஒரு பெட்டி வந்தது. ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். அடைக்கலம் கேட்டு வருகிறவர் அதன் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும். அவர் உண்மையிலேயே நம் ஆளா, அல்லது நம் ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்த வேறு யாரோவா என்று அது சதவீதத்தில் சொல்லும். அறுபதுக்குக் கீழே வந்தால் பொய்யர் என்று அர்த்தம். இத்தனை வருஷம் அதைச் சொன்னது என் காது. இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போடுகிறேன்.

நேற்று ஒரு லாரி டிரைவர் வந்தார். வாயைத் திறந்தவுடனே தெரிந்துவிட்டது, அம்மா பிறந்த ஊருக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஆள். பெட்டி முப்பத்தொன்று என்றது. “என்னம்மா சொல்லுது அது?” என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது? நீங்கள் நீங்கள் இல்லையாம் அண்ணே என்றா? அவரைத் திருப்பி அனுப்பினால் விமானத்தை விட்டு இறங்கும் இடத்திலேயே ஆள் காத்திருக்கும். அவருடைய அண்ணன் அப்படித்தான் போனார்.

பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். உனக்குத்தான். நம் பேச்சைப் பாதுகாக்கப் போகிறேன் என்று ஊர் ஊராக மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தாயே, அந்தக் குரல் களஞ்சியத்துக்கு. அதை அவர்களிடமிருந்து பிடுங்கு. எப்படியாவது பிடுங்கு.

அக்கா

*

ஜனவரி 24

அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் சந்தோஷப்பட்டுவிட்டேன், முட்டாள் நான்.

பிடுங்க முடியாது அக்கா. யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதித்தான் அதைப் பொதுவில் வைத்தேன். இன்று நான் இணையத்திலிருந்து எடுத்துவிட்டாலும் ஆயிரம் பேரிடம் பிரதி இருக்கும். அந்த ஆயிரம் பேருக்காகத்தான் நான் பாடுபட்டதே.

ஏன் அப்படி வைத்தேன் என்று உனக்குத் தெரியும். பெரியப்பாவை ஒரு ஆராய்ச்சிக்காரர் கோடைதோறும் வந்து பதிவு செய்தார். சொல், கதை, பெயர், எல்லாவற்றையும் பெரியப்பா வாய் வலிக்கக் கொடுத்தார். பிறகு ஒருநாள் தன் குரலையே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, “நீங்க எந்தக் கல்லூரி? அனுமதிக் கடிதம் இருக்கா?” என்று நூலகத்தில் கேட்டார்கள். கேட்காமலேயே செத்தார். அதனால்தான் என் களஞ்சியத்துக்குப் பூட்டே போடவில்லை. பிள்ளைகள் வருவார்கள், வாத்தியார்கள் வருவார்கள் என்று நினைத்தேன். உன் அலுவலகம் வரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. பகலெல்லாம் பல் ஆஸ்பத்திரியில் கணினிகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான், இவ்வளவு தூரம் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. களஞ்சியத்தில் அறுநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆற்றின் இரண்டு கரையிலும் பதிவு செய்திருக்கிறேன். அந்த டிரைவருக்கு ஏன் முப்பத்தொன்று?

தம்பி

*

பிப்ரவரி 6

தம்பிக்கு,

ஏன் என்றா கேட்கிறாய்? நம் வீட்டுக்கு வெளியாள் வந்தால் என்ன நடக்கும், யோசித்துப் பார். அம்மா தலையைச் சரி செய்வாள். நாற்காலியில் கிடக்கும் துணியை அள்ளுவாள். பேச்சையும் மாற்றுவாள். சந்தைச் சொல், ரோட்டுச் சொல், பக்கத்து மொழிக்காரனிடம் கடன் வாங்கிய சொல் எல்லாம் அந்தத் துணியோடு சேர்ந்து உள்ளே போய்விடும். விருந்தாளி கிளம்பும்வரை கலப்பில்லாத, கஞ்சி போட்ட பேச்சுதான். அம்மா மட்டுமா? நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். வீட்டுப் பேச்சு வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் நமக்கு.

நீ மைக்கை நீட்டினாய். மைக் ஒரு விருந்தாளி. அறுநூறு பேரும் அதன் முன்னால் விருந்துப் பேச்சுப் பேசியிருக்கிறார்கள். உன் பெட்டி அதைத்தான் படித்திருக்கிறது. பயந்துபோய், தூக்கமில்லாமல், பாதி வாழ்க்கையை நெடுஞ்சாலையில் கழித்த மனிதர் வீட்டுப் பேச்சைத்தானே பேசுவார்? நடித்துப் பேசுகிறவன் தேறுவான், நம் ஆள் தோற்பான். நேற்று விற்பனைக்காரன் போல ஒருவன் வந்தான், ஒரு சொல் பிசகவில்லை, எண்பத்தெட்டு வாங்கிக்கொண்டு போனான். அவன் நம் ஆள் என்றால் நான் ராணி.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொந்தரவு. நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “உங்க காதை நான் ஃபைல்ல ஒட்ட முடியாதும்மா. எல்லாரும் சரிபார்க்கிற மாதிரி, பொதுவுல, வெட்டாம ஒட்டாம ஒரு பதிவு இருந்தா காட்டுங்க. அந்த ஆளுக்கு மறுசோதனை வைக்க நானே எழுதுறேன்” என்றார்.

உன்னிடம் இருக்கிறதா? நம் ஆட்கள் தாம் நினைத்தபடி, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பேசியது ஏதாவது?

அக்கா

*

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. பத்து வருஷம் செய்த வேலையை ஒரு பக்கத்தில் நீ உடைத்துவிட்டாய். நீ சொல்வது சரி.

புதிதாகப் பதிவு செய்து பார்த்தேன். சித்தியிடம் போனில், “சும்மா பேசு சித்தி” என்றேன். “சும்மான்னா எப்படிப்பா?” என்று கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன், அவர்களும் அப்படியே. தெரியாமல் பதிவு செய்வது திருட்டு, அதை நான் செய்ய மாட்டேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

அன்று உன் வீட்டில் அம்மாவைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, பேசக் கீழே இறங்கிப் போனேன், கருவியை நிறுத்த மறந்துவிட்டேன். நீ வந்தாய். நீயும் அம்மாவும் போட்ட சண்டை முழுக்க அதில் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு அதை உனக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, அழித்துவிடு என்றாய். அழித்தேன் என்றேன். அழிக்கவில்லை. அம்மா அம்மாவாகப் பேசிய பதிவு உலகத்திலேயே அது ஒன்றுதான், என் கை வரவில்லை.

நீ சம்மதித்தால் பொதுவில் வைக்கிறேன். இல்லாவிட்டால் இல்லை. எப்படி இருந்தாலும் முதலில் கடைசிவரை ஒரு தடவை கேள். நீ கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. இதோடு ஒரு சிறு மெமரி அட்டையில் அனுப்புகிறேன்.

தம்பி

*

பிப்ரவரி 28

அட்டையை உடைத்துக் குப்பையில் போட்டேன். உன்னிடம் இருப்பதையும் அழி. இந்தத் தடவையாவது சொன்னதைச் செய்.

“உன் நாக்கை அவனுங்களுக்கு வாடகைக்கு விட்டுட்ட. நான் செத்தா அந்த நாக்கால என் பேரைச் சொல்லி அழாதே.” இது அம்மா சொன்னது. நான் அவளுக்குச் சொன்ன பதில் உனக்குத் தெரியும். “நீ கண்ணை மூடினாத்தான் எனக்கு நிம்மதி.” அந்த மாதமே மூடினாள். நடுவில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காரியத்தில் நான் அழவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று சித்தி எல்லோரிடமும் சொன்னாளாம். அம்மா சொன்னபடிதான் நடந்துகொண்டேன்.

இதை உலகம் பூராவும் கேட்க வேண்டுமா? நம் மொழி வாழ வேண்டும் என்றால் என் மானம்தான் கிடைத்ததா உனக்கு?

*

மார்ச் 11

அக்காவுக்கு,

அழிக்கவில்லை. பொதுவில் வைக்கவும் இல்லை. நீ சொல்லும்வரை அப்படியே இருக்கும். உன் பேச்சை வெட்டிவிட்டு அம்மாவை மட்டும் கொடுக்கலாமா என்று பார்த்தேன். வெட்டினதை உன் மேலாளர் ஏற்க மாட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உன்னை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த டிரைவரை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

டிரைவரை உள்ளே காவலில் வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி எங்கள் அலுவலக வாசலில் நிற்கிறாள். எதிரே பஸ் நிறுத்தம் இருக்கிறது, மழை வந்தால் அதற்குள் ஒதுங்குவாள். நான் தினமும் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவேன். நேற்று மறித்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “அவருக்கு உள்ள யார்கிட்டயாவது நம்ம பேச்சுல பேச முடியுதா அக்கா? பேச ஆள் இல்லைன்னா அவர் ரொம்பக் கஷ்டப்படுவார்” என்று கேட்டாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நான் பேசுகிறேன் என்று பொய் சொன்னேன். எங்களுக்கு அவர்களிடம் விசாரணைக்கு வெளியே பேச அனுமதி இல்லை.

போடு. முழுசாகப் போடு. என் வாயையும் சேர்த்துப் போடு. ஒரு மனுஷன் உயிரைவிட என் மானம் பெரிது என்று சொன்னால் அம்மா என்னைத் திட்டினதெல்லாம் சரியாகிவிடும். நான் மட்டும் அதைக் கேட்க மாட்டேன். கேள் என்று இனிமேல் எழுதாதே.

தபால் உன்னிடம் வர எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை. கிடைத்த அன்றே போடு.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இன்றுதான் உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பாதி நாள் விடுப்புப் போட்டு வந்து, போட்டுவிட்டேன். உன் மேலாளரின் அலுவலகத்துக்கும் முறைப்படி தகவல் அனுப்பியிருக்கிறேன்.

*

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்தி அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுப் போன் செய்தாள். அரை மணி அழுதாள். பிறகு, “அடப்பாவி, எங்க வீட்டுச் சண்டை இதைவிட நல்லா இருக்குமேடா” என்றாள். மறுநாள் கருவியைச் சமையலறையில் வைத்துவிட்டு மருமகளோடு சண்டை பிடித்து அனுப்பியிருக்கிறாள், மருமகளின் சம்மதத்தோடு! அதன் பிறகு நிற்கவே இல்லை. நம் ஆட்கள் தங்கள் வீட்டுக் கூச்சலை எல்லாம் அனுப்புகிறார்கள். கணக்குச் சண்டை, குழந்தையைக் குளிப்பாட்டும் சண்டை, ஒரு கிழவர் தன் பைக்கைத் திட்டுவது. அம்மா கத்தினதைக் கேட்ட பிறகு யாருக்கும் வெட்கம் இல்லாமல் போய்விட்டது. பத்து வருஷத்தில் நடக்காதது பத்து நாளில் நடந்துவிட்டது. உன்னால்தான்.

டிரைவருக்கு மறுசோதனை எப்போது?

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

அவரை மார்ச் கடைசியிலேயே அனுப்பிவிட்டார்களாம். எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். உன் பதிவு வந்த அன்று அவர் இங்கே இல்லை.

அவர் முன்பு பேசிய ஒலியை, வீட்டுச் சண்டைகளையும் படித்துத் தேறிய பெட்டிக்குப் போட்டுப் பார்த்தார்கள். தொண்ணூற்று நான்கு. மேலாளர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “உங்க காது சரிதாம்மா” என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஃபைலை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அவர் மனைவி இப்போது வாசலில் நிற்பதில்லை. விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

நீ இரண்டு கடிதம் போட்டும் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை, எழுத எதுவும் இல்லை. இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

பெட்டி இத்தனை நாள் கேட்க மட்டும் செய்தது. இந்த வாரத்திலிருந்து பேசுகிறது. வருகிறவர்கள் பயமில்லாமல், இயல்பாகப் பேச வேண்டுமாம். அதற்கு நம் வீட்டுப் பேச்சிலேயே பேசும் ஒரு குரல் வேண்டுமாம். களஞ்சியத்தில் தேடி, எல்லாவற்றிலும் இயல்பாக இருந்த குரலைத் தேர்ந்தெடுத்தார்களாம். மொழிபெயர்ப்பாளர் இனிமேல் தேவைப்படாது என்று மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த மாதத்தோடு முடிகிறது.

திங்கட்கிழமை காலையில் நான் விசாரணை அறையைக் கடந்து போனேன். உள்ளே ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். பெட்டி பேசியது.

“வந்துட்டியா? சாப்பிட்டியா? கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல உக்காரு.”

கதவருகிலேயே நின்று கேட்டேன். அம்மாவின் குரல். இழுப்பு, மூச்சு, எல்லாம் அம்மா. அந்தப் பெண் குழந்தைபோல அழுதாள். அழுதுகொண்டே கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். தன் தம்பி எந்தப் பாலத்தின் அடியில் ஒளிந்திருக்கிறான், எந்த வண்டியில் வரப்போகிறான், எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்வதுபோலச் சொன்னாள். மறுநாள் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம். எந்த அலுவலகக்காரனாலும் இப்படி ஒரு வாக்கியத்தை எழுத முடியாது. அம்மா இதைச் சொன்னாளா? எப்போது சொன்னாள்? யாரிடம் சொன்னாள்?

அக்கா

*

செப்டம்பர் 12

அக்காவுக்கு,

சொன்னாள். நீ கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, மூடின கதவைப் பார்த்துச் சொன்னாள். “ஏய், சாப்பிடாமப் போறியே. அடுப்புல வச்சிருக்கேன், வந்து சாப்பிட்டுப் போ. கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம்.” இரண்டு தடவை சொன்னாள். பிறகு எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சூடு ஆறிவிடும் என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் மேலே வந்து கருவியை நிறுத்தினேன்.

இதற்காகத்தான் கடைசிவரை கேள், கடைசிவரை கேள் என்றேன். நானே எழுதியிருக்க வேண்டும். அம்மாவின் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். அப்படியே ஆகிவிட்டது பார்.

அவர்களுக்கு எழுதினேன். இறந்தவரின் குரலை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதினேன். யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் என்று நான் போட்ட வரியையே நகல் எடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை அக்கா. களஞ்சியத்தை மூடிவிடலாமா என்று சித்தியிடம் கேட்டேன். “மூடினா அவங்ககிட்ட இருக்கிறது போயிடுமா? நம்மகிட்ட இருக்கிறதுதானே போகும்?” என்றாள். மூடவா, வேண்டாமா? நீ சொல்.

தம்பி

*

அக்டோபர் 3

தம்பிக்கு,

மூடாதே. சித்தி சொல்வது சரி. நம் வீட்டுச் சண்டைகளாவது நம்மிடம் இருக்கட்டும்.

உன் கடிதத்தை அடுப்பின் பக்கத்தில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் அம்மாவின் பெயரைச் சொல்லி அழுதேன், வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டும்வரை. உன் அத்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு சாப்பிட்டேன்.

ஆனால் எனக்கு ஒன்று ஆறவே இல்லை. நான் அந்த அலுவலகத்துக்கு நாக்கை வாடகைக்கு விட்டேன் என்று அம்மா என்னைச் சபித்தாள். இப்போது என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நான் மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவளுக்கு அதுவும் இல்லை. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டியா என்று கேட்டு, கேட்டு, அவர்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வேலை போனபின் நான் தினமும் காலையில் எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்காருகிறேன், டிரைவரின் மனைவி ஒதுங்கிய இடத்தில். நம் ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிடும். கிட்டே போய், “உள்ள ஒரு பெட்டி அம்மா மாதிரி பேசும். சாப்பிட்டியான்னு கேட்கும். அது அம்மா இல்லை. விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி பேசுங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்று சொல்கிறேன். வீட்டுப் பேச்சைக் காப்பாற்ற நீ பத்து வருஷம் அலைந்தாய். அதைப் பேசாதீர்கள் என்று நான் வாசலில் நின்று கெஞ்சுகிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் பைத்தியம் என்று ஒதுங்குகிறார்கள்.

நேற்று ஒருத்தி விசாரணை முடிந்து கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். உள்ளே போகும்போது அவளைத் தவறவிட்டிருந்தேன். ஓடிப்போய், “உள்ள என்ன சொன்னம்மா?” என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னையும் அந்தக் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்கதானே உள்ள பேசினது?” என்றாள்.

எனக்கு அம்மாவின் குரல்தான் என்று சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்வார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். “இல்லைம்மா, அது எங்க அம்மா” என்றேன்.

அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வேகமாக நடந்து போனாள்.

அக்கா